பிளாக் மிஸ்ட்: 85ல புகைமூட்டம், 35ல ஒண்ணுமே இல்லை. தப்பு எங்கே?

திரைச்சீலை:

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, 35 எம்எம் எஃப் 1.8, 85 எம்எம் எஃப் 1.8. போர்ட்ரெய்ட் ஸ்டில்ஸும் உட்கார்ந்து பேசும் பேட்டி வீடியோவும்தான் வேலை. வீடியோ 4கே, 10 பிட், லாக் (பின்னால் நிறம் திருத்த வசதியாக, கான்ட்ராஸ்ட் குறைத்துப் பதியும் முறை). இன்றைய லென்ஸும் சென்சாரும் சேர்ந்து தோல் துளை, மூக்கோர மினுமினுப்பு, உதட்டு வெடிப்பு என்று ஒன்றையும் விடாமல் காட்டிக்கொடுக்கின்றன. அதைத் தணிக்க 1/4 பிளாக் மிஸ்ட் (லென்ஸ் முன்னால் மாட்டி, படத்தை மென்மையாக்கும் ஃபில்டர்; 1/8, 1/4, 1/2 என்பது அதன் வீரியம்) போட்டுப் பார்த்ததில் கிடைத்தது இது.

85ல், ஆளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் படம் முழுக்கப் புகை மண்டிவிடுகிறது. தலைமுடியின் கறுப்பு சாம்பலாகிறது. அதே ஃபில்டரை 35ல் மாட்டினால் போட்டதே தெரியவில்லை. ஜன்னலை விட்டுவிட்டு வெறும் சுவர் முன்னால் உட்காரவைத்தால் இரண்டு லென்ஸிலுமே பெரிய மாற்றம் இல்லை. எல்லாவற்றிலும் தோல் துளை மட்டும் அப்படியே இருக்கிறது.

1/8க்கு இறங்குவதா, 1/2க்கு ஏறுவதா? இல்லை, ஃபில்டர் வகையே தப்பா? வெளியில் எடுக்கும்போது வேரியபிள் என்டியோடு (திருகித் திருகி வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) சேர்த்து மாட்டலாமா, எது உள்ளே, எது வெளியே? எல்லாவற்றையும் எடிட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றால் ஃபில்டர்தான் எதற்கு?


நுண்துகள்:

ஃபில்டரில் பழுதில்லை. எதற்குச் செய்தார்களோ அதை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. நீங்கள் அதனிடம் எதிர்பார்த்தது வேறு வேலை.

பிளாக் மிஸ்ட் என்பது கண்ணாடியில் தூவிய நுண்துகள்தான். வரும் ஒளியில் பெரும்பங்கு துகளில் படாமல் நேரே போய்க் கூர்மையான பிம்பத்தை உண்டாக்குகிறது. சிறு பங்கு மட்டும் துகளில் பட்டுச் சிதறி, அந்தப் பிம்பத்தின் மேலேயே மெல்லிய படலமாக விழுகிறது. சிதறுவது சொற்பம் என்பதால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் மூல ஒளி மிகப் பிரகாசமாக இருக்க வேண்டும். ஜன்னல், எரியும் பல்பு, எண்ணெய் வழியும் நெற்றி போன்றவை அதற்குப் போதும். வெறும் சுவர் முன்னால் சிதறடிக்க அங்கே எதுவுமே இல்லை. அதனால்தான் மாற்றம் தெரியவில்லை.

தோல் துளைக்கு வருவோம். பக்கத்துத் தோலைவிடச் சற்றே இருண்ட புள்ளி, அவ்வளவுதான் அது. அதன் மேல் படலம் விழுந்தால் கறுமை ஒரு துளி குறையும். ஓரம் கூராகவே நிற்கும். 1/2 போட்டாலும் இதே கதைதான், புகை மட்டும் கூடும்.

முடி ஏன் சாம்பலாகிறது என்பதை ஒரு மோட்டாக் கணக்கில் பார்க்கலாம். ஃபில்டர் 2 விழுக்காடு ஒளியைச் சிதறடிக்கிறது என்றும், அது படம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் வெளிச்சம் 1. ஜன்னல் அதைவிட 3 ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு), அதாவது 8. சட்டகத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஜன்னல். அப்படியானால் படலம் 0.02 × 8 × 0.2 = 0.032. முகத்துக்கு 3 விழுக்காடு கூடுவதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் முடி முகத்தைவிட 5 ஸ்டாப் இருண்டது, 1/32, அதாவது 0.031. அதன் மேல் 0.032 ஏறினால் முடியின் வெளிச்சம் இரட்டிப்பாகிறது, முழுசாக 1 ஸ்டாப். லாக் வளைவு நிழல் பகுதியை ஏற்கனவே தூக்கிக் காட்டும் என்பதால் மானிட்டரில் இன்னும் மோசமாகத் தெரியும்.

இந்தப் பிளாக் மிஸ்டாவது பரவாயில்லை. வெள்ளைத் துகள் மட்டும் உள்ள ரகத்தில் (டிஃபனின் கறுப்பில்லாத ப்ரோ-மிஸ்ட் மாதிரி) நிழல் இதைவிட வெளுக்கும். கறுப்புப் புள்ளிகள் ஒளியில் ஒரு பகுதியைக் குடித்துவிடுவதால்தான் பிளாக் ரகத்தில் கான்ட்ராஸ்ட் ஓரளவு நிற்கிறது.

அடுத்து, 85க்கும் 35க்கும் உள்ள வித்தியாசம். துகள் ஒளியைச் சிதறடிப்பது ஒரு கோணத்தில். அந்தக் கோணம் லென்ஸைப் பொறுத்து மாறாது. சென்சாரில் அது எவ்வளவு தூரம் விரிகிறது என்பதுதான் மாறும். 1 டிகிரி சிதறலை எடுத்துக்கொண்டால் 85ல் 1.48 மி.மீ., 35ல் 0.61 மி.மீ. 36 மி.மீ. அகல சென்சாரில் 3840 பிக்சல் என்றால் முன்னதில் ஏறக்குறைய 158 பிக்சல், பின்னதில் 65. இரண்டிலும் முகத்தை ஒரே அளவில் சட்டகத்தில் வைத்தால், முகத்தோடு ஒப்பிடும்போது 85ன் ஒளிவட்டம் 2.4 மடங்கு பெரிது. 35ல் அது விளக்கின் ஓரத்திலேயே முடங்கிவிடும். 85ல் முகத்தின் மேலேயே வந்து படரும்.

அதனால் எண்ணை லென்ஸோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 85ல் 1/8, 35ல் 1/4 என்று ஒரு படி தள்ளி வைத்தால் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். 135 எம்எம் என்றால் 1/8ஏ சில சமயம் அதிகம். இன்னொன்று: 1/8, 1/4 எல்லாம் ஒரு கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள். ஒருவரின் 1/4 இன்னொருவரின் 1/8 மாதிரி இருக்கலாம். பொதுத் தரம் என்று ஒன்று கிடையாது. செட் சேர்ப்பதாக இருந்தால் ஒரே கம்பெனி, ஒரே வரிசையில் சேருங்கள்.

தோலுக்கு என்று தனி வகை இருக்கிறது. ஸைஸ் செய்த சாஃப்டார், டிஃபனின் சாஃப்ட் எஃப்எக்ஸ், ஷ்னைடரின் கிளாசிக் சாஃப்ட் எல்லாம் கண்ணாடிப் பரப்பில் குட்டிக் குட்டி லென்ஸ் போன்ற மேடுபள்ளம் கொண்டவை. ஒளியின் ஒரு பகுதியை அவை மிகச் சிறிய கோணத்தில் வளைத்து, கூர்மையான பிம்பத்தின் மேல் லேசாக ஃபோக்கஸ் தப்பிய இன்னொரு பிம்பத்தை ஏற்றுகின்றன. நுண்விவரம் மழுங்கும், இமை, கண்மணி போன்ற தடித்த விவரம் தாக்குப்பிடிக்கும். நீங்கள் கேட்டது இதைத்தான். டிஃபனின் டிஜிட்டல் டிஃப்யூஷன் எஃப்எக்ஸ் ஒளிவட்டம் இல்லாமல் விவரத்தை மட்டும் குறைப்பதற்கென்றே வந்தது. பேட்டிக்கு அது நன்றாகப் பொருந்தும். கிளிமர்கிளாஸ் இரண்டுக்கும் நடுவே: விவரமும் கொஞ்சம் குறையும், விளக்கும் கொஞ்சம் மினுக்கும். ஷ்னைடரின் ஹாலிவுட் பிளாக் மேஜிக் கிளாசிக் சாஃப்டையும் 1/8 பிளாக் ஃப்ராஸ்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்தது. தோலும் வேண்டும், விளக்கும் பூக்க வேண்டும் என்பவர்களுக்கு அது.


சைடுலைட்:

மேல சொன்னது எல்லாம் சரிங்க. ஆனா ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தைப் பாத்துடுங்க, காசு மிஞ்சும்.

முதல்ல கேமரா மெனு. பிக்சர் ப்ரொஃபைல்ல டீட்டெய்ல், ஷார்ப்னெஸ் எது இருந்தாலும் அடிமட்டத்துக்கு இறக்குங்க. கேமரா உள்ளயே ஷார்ப்பன் பண்ணுச்சுன்னா ஒவ்வொரு துளை ஓரத்துலயும் ஒரு வெள்ளைக் கோடு விழும். முன்னாடி ஃபில்டர் போட்டு மழுக்கி, பின்னாடி கேமரா அதையே கூராக்கிட்டு இருந்தா கதை எங்க போய் முடியும்? சில கேமராவுல லாக் போட்டாலும் டீட்டெய்ல் தனியா ஓடிட்டுதான் இருக்கும். ஸ்டில்ஸ்ல ரா எடுத்தா கேமரா ஷார்ப்னெஸ் ஃபைல்ல ஒட்டாது, ஆனா ரா திறக்கற சாஃப்ட்வேர் தன் பங்குக்கு ஒரு அளவு போட்டுத்தான் காட்டும். அதையும் பாருங்க.

ரெண்டாவது லைட். துளை தெரியறதுக்குக் காரணம் அதுல விழற நிழல். லைட்டை 90 டிகிரி பக்கவாட்டுல வெச்சா ஒவ்வொரு துளைக்கும் தனி நிழல். 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை 3 மீட்டர் தள்ளி வெச்சா அது முகத்துக்கு சாஃப்ட்டே கிடையாது, சின்ன லைட்தான். அதையே 1 மீட்டருக்குள்ள இழுத்து, கேமராவுலேருந்து 30, 40 டிகிரிக்குக் கொண்டுவாங்க. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை போர்டு. மூக்கு, நெற்றி மினுமினுப்புக்கு பிளாட்டிங் பேப்பர் ஒத்தி, மேல லேசா பவுடர். இந்த மினுமினுப்பைத் துடைக்காம பிளாக் மிஸ்ட் போட்டா அந்த எண்ணெய்த் திட்டும் சேர்ந்து பூக்கும், வேர்த்து ஊத்தின மாதிரி இருக்கும்.

ஜன்னலுக்கு மேல உள்ள கணக்கையே திருப்பிப் போடுங்க. 0.6 என்டி ஜெல்லை (வெளிச்சத்தைக் குறைக்கற சாம்பல் நிறத் தாள்) ஜன்னல் கண்ணாடியில ஒட்டினா 2 ஸ்டாப் இறங்கும். 8 இருந்தது 2 ஆகும். படலம் 0.032லேருந்து 0.008க்கு வந்துடும். முடி 1 ஸ்டாப் ஏறினது இப்ப மூணுல ஒரு ஸ்டாப்தான் ஏறும். ஜெல் இல்லைன்னா முக லைட்டை ஏத்தி அப்பர்ச்சரை மூடுங்க, விகிதம்தான் முக்கியம். அதுவும் முடியாட்டி கேமராவை நகர்த்தி சட்டகத்துல ஜன்னலோட பரப்பைக் குறைங்க. அஞ்சுல ஒரு பங்கு பத்துல ஒரு பங்கானா படலமும் பாதி.

சட்டகத்துக்கு வெளியே இருக்கற லைட்டும் சேட்டை பண்ணும். பேக்லைட் ஃபில்டர் கண்ணாடியில நேரா விழுந்துச்சுன்னா படத்துல லைட்டே தெரியாது, ஆனா பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஃபில்டர் பளிச்சுன்னு தெரியுதான்னு லென்ஸ் முன்னாடி நின்னு பாருங்க. தெரிஞ்சா ஒரு ஃபிளாக் (வெளிச்சத்தை மறைக்கற கறுப்புத் தட்டி) வெச்சு ஃபில்டர் மேல நிழல் விழற மாதிரி பண்ணுங்க. ஃபில்டர் போட்ட லென்ஸுக்கு ஹூட் இல்லாம வேலையே செய்யாதீங்க.

டெஸ்ட் பண்ற விதம்: ஆள், பக்கத்துல ஒரு கறுப்புத் துணி, சட்டக ஓரத்துல எரியற பல்பு ஒண்ணு. எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஃபோக்கஸ் எல்லாம் மேனுவல். வெறும் லென்ஸ், 1/8, 1/4 ஒவ்வொண்ணுலயும் 10 செகண்ட். அப்புறம் பல்பை அணைச்சிட்டு அதே மூணும் இன்னொரு சுத்து. பல்பு எரியறப்ப என்ன மாறுது, அணைஞ்சப்ப என்ன மாறுதுன்னு பாத்தாலே அந்த ஃபில்டரோட குணம் தெரிஞ்சுடும். ஒரே ஒரு எச்சரிக்கை, 5 இன்ச் மானிட்டரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. சின்னத் திரையில எஃபெக்ட் கம்மியாத் தெரியும், இன்னும் ஒரு படி ஏத்தலாம்னு கை அரிக்கும். பெரிய திரையில போட்டா முகமே மங்கிப் போயிருக்கும். பாக்கப்போற அளவுலயே பாத்து முடிவெடுங்க.


நோட்மரம்:

கிரேடிங் (எடிட்டில் நிறம், வெளிச்சம் திருத்துவது) பக்கத்திலிருந்து மாற்றுக் கருத்து. பேட்டி என்றால் சுத்தமாக எடுத்துக் கொடுங்கள். ரிசால்வ் மென்பொருளில் மிட்டோன் டீட்டெய்லைக் கழித்தல் பக்கம் இழுத்தால் தோல் அமைதியாகிவிடும். அதையும் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, கண்ணையும் உதட்டையும் விலக்கிச் செய்யலாம். எந்தக் கண்ணாடியாலும் கண்ணைக் கூர்மையாக விட்டுக் கன்னத்தை மட்டும் மழுக்க முடியாது. க்ளோ எஃபெக்டில் (மென்பொருள் போடும் ஒளிவட்டம்) அளவு, விரிவு, நிறம் எல்லாம் கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் ஒரு நோடை (திருத்தத்தின் ஒரு படி) அணைத்தால் போதும். கண்ணாடியில் சுட்ட புகையை எடுக்க வழி கிடையாது. படலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தாலாவது ஆஃப்செட்டில் கழித்துவிடலாம். அது ஜன்னல் பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கிறது. கறுப்பைச் சரிசெய்யப் போனால் ஒரு காது சரியாகும், இன்னொரு காது கருகும்.

கிரீன் மேட் (பின்னணியை மாற்றுவதற்கான பச்சைத் திரை) இருக்கிற ஷாட்டில் எந்தச் சூழ்நிலையிலும் டிஃப்யூஷன் ஃபில்டர் போடாதீர்கள். பச்சை முடியோரத்தில் கசிந்து, கீ எடுக்கவே (பச்சையை மட்டும் நீக்கவே) முடியாமல் போகும். கீ எடுத்து, பின்னணி சேர்த்தபிறகு மொத்தப் படத்துக்கும் க்ளோ போடுவதுதான் முறை.


நுண்துகள்:

தோலுக்கு நோட்மரம் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். ஒளிவட்டத்துக்கு ஏற்க மாட்டேன். காரணம் கிளிப்பிங், அதாவது சென்சாரின் உச்சத்தைத் தாண்டிய வெளிச்சம் வெட்டுப்படுவது.

சென்சார் தாங்கும் உச்சம் 1 என்று வைப்போம். சட்டகத்தில் ஒரு வெறும் பல்பு அதற்கு மேல் 6 ஸ்டாப், 64. பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை உச்சத்தைத் தொட்டும் தொடாமல் 1. பதிவான ஃபைலில் பல்பும் 1, சட்டையும் 1. மென்பொருள் இரண்டுக்கும் ஒரே க்ளோவைத்தான் போடும். பல்புக்குப் போதுமான அளவு ஏற்றினால் சட்டையும் சேர்ந்து எரியும். சட்டைக்கு அடக்கினால் பல்பு செத்துக் கிடக்கும். கண்ணாடியோ சென்சாருக்கு முன்னால் நிற்கிறது. பல்பிலிருந்து 64க்கு உரிய பங்கையும் சட்டையிலிருந்து 1க்கு உரிய பங்கையும் தனித்தனியாகச் சிதறடிக்கிறது. பல்பின் நிறமும் அப்படித்தான்: ஃபைலில் அது வெள்ளையாகக் கிளிப் ஆகியிருக்கும், ஃபில்டர் போட்ட ஒளிவட்டத்தில் மட்டும் அதன் ஆரஞ்சு நிறம் பிழைத்து வரும். பல்புகளைத் தனித்தனியாக டிராக் செய்து வெளிச்சத்தைக் கையால் ஏற்றித் தரலாம்தான். 40 பல்பு தொங்குகிற சட்டகத்தில் அதைச் செய்து பார்க்கட்டும்.

எந்த விளக்கும் கிளிப் ஆகாத சட்டகம் என்றால் இந்த வாதமே இல்லை, க்ளோவே போதும். ஆனால் கணக்கு லீனியர் ஒளியில் (உண்மை வெளிச்சத்துக்கு நேர் விகிதமான எண்களில்) நடக்க வேண்டும். லாக்கின் மேலோ 709க்கு (சாதாரணத் திரைக்கான வீடியோ தரம்) மாற்றியபிறகோ நேராகப் போட்டால் ஒளிவட்டம் சாம்பல் சாம்பலாக, அழுக்குத் துணி மாதிரி வரும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்லை: ஒளிவட்டம் என்பது மெதுவாகத் தேயும் சாய்வு. 8 பிட் லாக்கில் அது படிக்கட்டு படிக்கட்டாக உடையும். நீங்கள் 10 பிட்டில் எடுப்பதால் பிழைத்தீர்கள், ஆனால் கடைசியில் குறைந்த பிட்ரேட்டில் ஏற்றுமதி செய்தால் அங்கே உடையும். ஏற்றுமதிக்கு முன் மெல்லிய கிரெய்ன் சேர்ப்பது கொஞ்சம் காப்பாற்றும்.


திரைச்சீலை:

மிக்க நன்றி. டீட்டெய்ல் அமைப்பு லாக்கிலும் நடுவில்தான் நின்றிருந்தது, அதை அடிக்கு இறக்கியதிலேயே பாதிப் பிரச்சினை போய்விட்டது. ஜன்னலில் ஜெல்லும், 85க்கு 1/8ம் என்று முடிவு.

புதிதாக ஒன்று. 85ல் எஃப் 1.8ல் பின்னணி விளக்குகள் வட்ட வட்டமாக வரும்போது, வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் தெளித்த மாதிரி இருக்கின்றன. ஃபில்டரைத் துடைத்தும் போகவில்லை. கண்ணாடி மட்டமா? என்டி கேள்வியும் பாக்கி இருக்கிறது. மேலும், படம் மென்மையாக வரக் காலுறைத் துணியை லென்ஸ் பின்னால் கட்டுவார்கள் என்கிறார்களே, அது இதைவிட மேலா?


வலைக்கண்:

புள்ளி விஷயம் முதலில். ஃபோக்கஸில் இல்லாத விளக்கின் வட்டம் என்பது லென்ஸின் நுழைவுத் துளையின் படம். லென்ஸ் முன்னால் என்ன ஒட்டியிருந்தாலும் அது அந்த வட்டத்துக்குள் தெரியும். தூசி, கீறல், துகள் எதுவானாலும் சரி. பிளாக் மிஸ்டில் இருப்பதே கறுப்புத் துகள், அதைத்தான் பார்க்கிறீர்கள். துடைத்தால் போகாது, அது உள்ளே இருக்கிறது. எல்லாப் பிளாக் மிஸ்டிலும் உண்டு, துகள் பொடிசாக இருந்தால் குறைவாகத் தெரியும். பின்னணி விளக்கு முக்கியமான ஷாட்டில் 1/8க்கு மேல் போகாதீர்கள், அல்லது கறுப்புத் துகள் இல்லாத கிளிமர்கிளாஸ் வகைக்கு மாறுங்கள். விளக்கை ஆளுக்குக் கொஞ்சம் அருகே கொண்டுவந்தால் வட்டம் சிறுத்துப் புள்ளிகள் கண்ணை உறுத்தாது.

அகல லென்ஸில் இதன் எதிர்ப்பக்கம் வரும். 85ஐ எஃப் 1.8ல் வைத்தால் துளை 47 மி.மீ. அகலம், ஒவ்வொரு ஒளிக்கற்றையும் ஏராளமான துகள் வழியாகப் போவதால் சராசரியாகிவிடும். 35ஐ எஃப் 8க்கு மூடினால் துளை 4.4 மி.மீ.தான். எஃப் 16 என்றால் 2.2. அந்தச் சிறு வட்டத்துக்குள் நான்கைந்து துகள் அதிகம் விழுந்த இடம் படத்தில் மங்கலான திட்டாகத் தெரியும், வானம், வெள்ளைச் சுவர் மாதிரிப் பரப்பில் இன்னும் நன்றாக. கேமரா பேன் ஆகும்போது திட்டு மட்டும் நகராமல் நின்றால் ஃபில்டர்தான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம். கைப்பேசி, ஆக்‌ஷன் கேமரா போன்றவற்றில் துளையே சில மில்லிமீட்டர் என்பதால் மிஸ்ட் ஃபில்டர் அவற்றில் சரியாக அமைவது அரிது. வெளியில் எஃப் 11க்கு மூடுவதற்குப் பதில் என்டி போட்டு எஃப் 2.8, எஃப் 4 பக்கம் நில்லுங்கள். குட்டி லென்ஸ் மேடுள்ள சாஃப்ட் வகைக்கு இது இன்னும் முக்கியம், அவற்றில் துளை சுருங்கினால் மென்மையின் அளவே இடத்துக்கு இடம் மாறும்.

இனி வலை, அதாவது நீங்கள் கேட்ட காலுறைத் துணி. மேல், கீழ் என்று சொல்ல மாட்டேன், குணம் வேறு. வலைக்கண்களில் ஒளி விளிம்பு விளைவால் வளைகிறது. அதனால் சிறு விளக்குகளைச் சுற்றி நூலின் திசைக்கேற்ப மெல்லிய குறுக்குக் கதிர் வரும். அது பிடித்தால் வலை, பிடிக்காவிட்டால் கண்ணாடி. கறுப்பு வலை நிழலை ஓரளவு காப்பாற்றும். வெள்ளை, தோல்நிற வலைகளில் நூலே ஒளியை வாங்கிப் பரப்புவதால் கறுப்பு வெளுக்கும். சில கதைகளுக்கு அந்த வெளுப்புதான் வேண்டியிருக்கும். வலை ஒளியைத் தின்னும், தோராயமாக அரை ஸ்டாப். துணிக்குத் துணி மாறும், அளந்துகொள்ளுங்கள்.

துணி 10 டீனியர் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) கறுப்புக் காலுறை. பளபளப்பு இல்லாததாக, கண்கள் ஒரே சீராக இருக்கும் இடுப்புப் பகுதிக்குக் கீழே இருந்து வெட்டுங்கள், கால்விரல் பகுதி அடர்த்தி அதிகம். லென்ஸ் பின்னால் ஒட்டும் முறை: பின்பக்க உலோக வளையத்தில், எலக்ட்ரானிக் தொடுமுனைகளை விட்டுவிட்டு, மெல்லிய இருபுற டேப்பைத் துண்டு துண்டாகச் சுற்றி ஒட்டுங்கள். துணியை எல்லாப் பக்கமும் சம இழுப்பில் இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் இழுபட்டால் கண்கள் நீள்சதுரமாகி, குறுக்குக் கதிரும் ஒரு பக்கம் நீளும். மிச்சத்தை டேப்பின் ஓரத்தோடு கூரான பிளேடால் நறுக்குங்கள். நூல் பிசிறு ஒன்று விட்டாலும் அது சென்சாரில்தான் போய் உட்காரும். பின் கண்ணாடி வளையத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் லென்ஸ்களில் இதைச் செய்யவே கூடாது, துணி கண்ணாடியில் உரசும். மாட்டும் முன் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ஊதுபந்தால் இரண்டு முறை ஊதுங்கள்.

இது வேண்டாம், பயமாக இருக்கிறது என்றால் (நியாயமான பயம்தான்) முன்னாலேயே கட்டலாம். பழைய யுவி ஃபில்டரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வெறும் வளையத்தின் மரையில் துணியைப் போர்த்தி, மேலே ஒரு ஸ்டெப்-அப் ரிங்கை (சிறிய விட்டத்தில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) முடுக்கினால் துணி தானே இறுகிவிடும். ஒரு நிமிட வேலை. விலை: அகல லென்ஸில் எஃப் 5.6க்கு மேல் மூடினால் வலையின் கட்டம் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். பொக்கே (ஃபோக்கஸில் இல்லாத விளக்கு) வட்டத்துக்குள் வலைக்கோடு தெரிவது எங்கே கட்டினாலும் உண்டு.

வாசலின் தடவுவதைப் பற்றி யாராவது சொல்வார்கள். கண்ணாடி ஃபில்டரில் மட்டும், லென்ஸில் ஒருபோதும் வேண்டாம். நடுவே காசளவு இடம் விட்டு ஓரத்தில் விரலால் தடவுவது. தடவிய திசைக்குச் செங்குத்தாக ஒளி இழுபடும். ஒவ்வொரு டேக்கிலும் வேறு மாதிரி வரும் என்பதால் பேட்டிக்கு ஆகாது.


சைடுலைட்:

என்டிக்கு நான் சொல்றேன். ஒளிவட்டத்தைப் பொறுத்தவரை வரிசை எதுவானாலும் ஒண்ணுதான், மொத்த வெளிச்சத்தையும் ஒரே அளவு குறைக்கற கண்ணாடி முன்னாடி இருந்தா என்ன, பின்னாடி இருந்தா என்ன. ஆனா வேரியபிள் என்டியைத் திருகணும் இல்லீங்களா, அதனால மிஸ்ட் உள்ளே, என்டி வெளியே. மிஸ்ட்டை வெளியே மாட்டினா என்டியைத் திருகும்போது அதுவும் சேர்ந்து சுத்தும், அப்புறம் ரெண்டும் இறுகிப் போய்க் கழட்ட மாட்டாம தவிக்கணும்.

உண்மையான தலைவலி வேற. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெளிச்சம் முன்னும் பின்னும் எதிரொளிச்சு, பல்புக்கு எதிர் மூலையில ஒரு பேய்ப் பல்பு தெரியும். கண்ணாடி எண்ணிக்கை கூடக் கூட இது கூடும். யுவி ஃபில்டர் ஏற்கனவே இருந்தா அதைக் கழட்டிட்டு மாட்டுங்க. 35ல ரெண்டு வளையம் அடுக்கினா மூலை கறுக்க வாய்ப்பு இருக்கு. அதனால லென்ஸோட விட்டத்துக்கு வாங்காம எல்லாத்துக்கும் பொதுவா 82 மி.மீ. வாங்கி, ஸ்டெப்-அப் ரிங் வெச்சு மாட்டுங்க. பெரிய வளையம்னா அடுக்கினாலும் மூலை தப்பிக்கும், ரெண்டு லென்ஸுக்கும் ஒரே ஃபில்டர் ஆச்சு. என்டியும் மிஸ்ட்டும் ஒரே கண்ணாடியில சேர்ந்த ரகமும் வருது. எதிரொளிப்பு குறையும், ஆனா உள்ளே வந்ததும் என்டி வேண்டாம், மிஸ்ட் மட்டும் வேணும்னா மாட்டிக்கிட்டீங்க.

ஃபோக்கஸ் பத்தி ஒரு வார்த்தை. 1/8, 1/4க்கு ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடிப் பிடிக்கற ஆட்டோ ஃபோக்கஸ்) சாதாரணமா நல்லாவே வேலை செய்யும். பின்னாடி ஜன்னல் பலமா இருந்தா மட்டும் கண்ணை விட்டுட்டுத் தடுமாறும். மேனுவல்னா பீக்கிங்கை (ஃபோக்கஸ்ல இருக்கற ஓரத்துல நிறக் கோடு காட்டற வசதி) நம்பாதீங்க, கான்ட்ராஸ்ட் கம்மியானதால கோடே வராது, இல்லாட்டி தப்பான இடத்துல வரும். படத்தைப் பெரிதாக்கி இமை மயிரைப் பாத்து வைங்க. அப்புறம் கறுப்பு வெளுக்குதேன்னு எக்ஸ்போஷரைக் குறைக்காதீங்க. முகத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு கொடுங்க, கறுப்பை கிரேடிங்ல இறக்கிக்கலாம்.

துடைக்கறது: முதல்ல ஊதுபந்து, அப்புறம்தான் மைக்ரோஃபைபர். ஒரு விரல்ரேகை பட்டாலும் அது தனி மிஸ்ட் ஃபில்டர்தான், அதுவும் ஒரு பக்கம் மட்டும் மங்கற மிஸ்ட். துகள் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒட்டின ரகமா, மேல்பரப்புலயே செஞ்ச ரகமான்னு பாத்துக்கோங்க. ரெண்டாவது ரகத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது.


திரைச்சீலை:

தெளிவாகிவிட்டது. ஒரே சந்தேகம்: 24-70 ஜூம் வாங்கும் யோசனை இருக்கிறது. ஷாட் நடுவில் ஜூம் செய்தால் ஒளிவட்டமும் கூடவே வளருமா?


நுண்துகள்:

வளரும். 24ல் 1 டிகிரி என்பது 0.42 மி.மீ., 70ல் 1.22. விளக்கின் படமும் அதே விகிதத்தில் பெரிதாவதால், விளக்கோடு ஒப்பிட்டால் வட்டம் மாறாது. அந்தவகையில் ஜூம் உறுத்தாது. உறுத்துவது வேறு இடத்தில்: ஜூம் செய்யச் செய்ய ஜன்னல் சட்டகத்தில் நிறையும் அல்லது சட்டகத்தை விட்டு வெளியேறும், கறுப்பின் அளவு அதற்கேற்ப ஷாட்டுக்குள்ளேயே ஏறி இறங்கும். ஆரம்பச் சட்டகத்திலும் கடைசிச் சட்டகத்திலும் ஜன்னலின் பரப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். அது முடியாவிட்டால் அந்த ஒரு ஷாட்டுக்கு ஃபில்டரைக் கழற்றிவிட்டு நோட்மரத்திடம் கொடுத்துவிடுங்கள்.